வானொலிச் செய்தியாளர், தயாரிப்பாளர் ஆவது எப்படி? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வானொலியில் வேலை வேண்டும் என்று கேட்டு வருகிற இளைஞர்களில் பத்தில் ஒன்பது பேர் மைக்கின் முன்னால் இருக்கும் நாற்காலியைத்தான் கேட்கிறார்கள். மைக்கின் பின்னால் நடக்கும் வேலையைப் பற்றி அவர்களிடம் யாரும் சொன்னதில்லை. இந்தத் தொழிலில் நிலைத்தவர்கள் பெரும்பாலும் அந்தப் பின்பக்க வேலையைக் கற்றவர்கள்தான். ஆகவே இங்கே பதில்கள் அந்தப் பக்கமே சாய்ந்திருக்கும்.

அறிவிப்பாளர், ஆர்.ஜே., செய்தி வாசிப்பாளர், செய்தியாளர், தயாரிப்பாளர் எல்லாம் ஒருவர்தானா?

சிறிய நிலையத்தில் ஒருவரே, பெரிய நிலையத்தில் ஐந்து பேர். அறிவிப்பாளர் நிகழ்ச்சிகளைக் கோத்துத் தருகிறார். ஆர்.ஜே. பாட்டுக்கு நடுவே பேசி நேயரைப் பிடித்து வைக்கிறார். செய்தி வாசிப்பாளர் பிறர் எழுதியதைப் படிக்கிறார். பல இடங்களில் அவரே மொழிபெயர்க்கவும் செய்கிறார். செய்தியாளர் வெளியே போய் விவரமும் குரல்களும் கொண்டுவருகிறார்.

தயாரிப்பாளர் செய்வதைச் சொல்லத்தான் கொஞ்சம் இடம் வேண்டும். என்ன நிகழ்ச்சி, யாரைப் பேச வைப்பது, எந்தக் கேள்வியில் தொடங்குவது, எந்த நிமிடத்தில் நிறுத்துவது, எதை வெட்டுவது என்று முடிவு செய்வது அவர் வேலை. வெட்டியதற்காக வரும் திட்டை வாங்கிக்கொள்வதும் அவரே. நிகழ்ச்சி நன்றாக இருந்தால் நேயர் தொகுப்பாளரைப் பாராட்டுவார். சொதப்பினால் நிலையம் தயாரிப்பாளரைக் கூப்பிடும்.

என் குரல் சாதாரணமாக இருக்கிறது. வானொலிக்கு வரலாமா?

வரலாம். தில்லியிலிருந்து பல ஆண்டுகள் தமிழ்ச் செய்தி வாசித்த சரோஜ் நாராயணசாமியைக் கேட்டு வளர்ந்தவர்கள் அவருடைய கம்பீரத்தைப் பற்றித்தான் பேசுவார்கள். கூர்ந்து கேட்டால் அந்தக் கம்பீரத்தில் பாதி உச்சரிப்புத் தெளிவும் நிறுத்த வேண்டிய இடத்தில் நிறுத்தியதும்தான். இவை இரண்டும் பயிற்சியால் வருபவை. ழகர, லகர, ளகரம் குழம்பினால் திருத்திக்கொள்ளலாம். மூச்சு எங்கே எடுப்பது என்பதையும் பழகிக்கொள்ளலாம். திருத்த முடியாத ஒன்று உண்டென்றால், அது அடுத்தவர் பேசும்போது கேட்கப் பொறுமையில்லாமை. அது உள்ளவர் எவ்வளவு நல்ல குரலோடு வந்தாலும் எனக்குப் பயம்தான்.

தனியார் எஃப்.எம். நிலையத்தில் செய்தியாளராகச் சேர முடியுமா?

இந்தியாவில் முடியாது. விண்ணப்பம் எழுதும் முன் எல்லோரும் தெரிந்துகொள்ள வேண்டிய முதல் விஷயம் இது. ஏனோ கல்லூரிகளில் இதைச் சொல்வதே இல்லை. தனியார் எஃப்.எம். நிலையங்கள் தாங்களாகச் செய்தி திரட்டி ஒலிபரப்ப உரிமம் இடம் தரவில்லை. 2011-இல் வந்த மூன்றாம் கட்ட எஃப்.எம். கொள்கை, ஆகாசவாணியின் செய்தியறிக்கையை மாற்றாமல் அப்படியே எடுத்து ஒலிபரப்ப மட்டும் வழிவிட்டது. விளையாட்டு, போக்குவரத்து, வானிலை, கலை நிகழ்ச்சிகள், தேர்வு முடிவுகள், கல்லூரிச் சேர்க்கை, மின்சாரம் மற்றும் குடிநீர் அறிவிப்புகள், இயற்கைச் சீற்ற எச்சரிக்கைகள் ஆகியவை செய்தியாகக் கருதப்படாது என்றும் அதே கொள்கை சொன்னது.

அலைவரிசைகள் பொதுச் சொத்து என்று 1995-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. தொலைக்காட்சியில் நாளெல்லாம் செய்தி ஓடுகிறது. தனியார் வானொலிக்கு மட்டும் இந்தத் தடை ஏன் என்பதற்கு எனக்கு ஒப்புக்கொள்ளத்தக்க விடை எதுவும் கிடைத்ததில்லை. பாக் நீரிணையைத் தாண்டினால் இலங்கையின் தனியார் தமிழ் வானொலிகள் மணிக்கு மணி சொந்தச் செய்தி வாசிக்கின்றன. சிங்கப்பூரின் ஒலி 96.8, மலேசியாவின் மின்னல் எஃப்.எம். ஆகியவற்றிலும் தமிழ்ச் செய்தி உண்டு.

தடைக்குள்ளும் செய்யக்கூடியது நிறைய இருக்கிறது. "இன்று இந்தச் சாலையில் போகாதீர்கள்" என்பது போக்குவரத்துத் தகவல். அந்தச் சாலை ஏன் மூன்று மாதமாக வெட்டிக் கிடக்கிறது என்று ஒரு குடியிருப்பவரையும் ஒரு பொறியாளரையும் பேச வைப்பது குடிமைப் பிரச்சினை. நல்ல தயாரிப்பாளர் இந்த எல்லைக்கோட்டின் மேலேயே நடக்கத் தெரிந்தவர்.

அப்படியானால் செய்தி வேலை எங்கே கிடைக்கும்?

ஆகாசவாணியில். சென்னை மாகாண வானொலிக் கழகம் 1924-இல் சி.வி. கிருஷ்ணசாமி செட்டியின் முயற்சியில் ஒலிபரப்பைத் தொடங்கியது. பணமில்லாமல் அது நின்றது. பின்னர் 1930 முதல் மாநகராட்சி நடத்தியது. 1938-இல் அகில இந்திய வானொலி, அதாவது இன்றைய ஆகாசவாணி, சென்னைக்கு வந்தது, மறு ஆண்டு திருச்சிக்கு வந்தது. அந்த வழியில் வந்த செய்திப் பிரிவுகளில் இன்று உள்ளே நுழைய மூன்று வாசல்கள் இருக்கின்றன.

முதலாவது, குடிமைப் பணித் தேர்வு எழுதி இந்தியத் தகவல் பணிக்கு வருவது. செய்திப் பிரிவின் பொறுப்பில் இருக்கும் அதிகாரிகள் இந்த வழியில் வருபவர்கள். ஆனால் இது மாற்றல் உள்ள பணி. இன்று வானொலி, நாளை பத்திரிகைத் தகவல் அலுவலகம் என்று போகும்.

இரண்டாவது, மாவட்டங்களில் பகுதி நேரச் செய்தியாளர். மாவட்டத் தலைநகரிலோ பக்கத்திலோ குடியிருக்க வேண்டும். இதழியல் படிப்போ அனுபவமோ கேட்பார்கள். பத்திரிகையில் இருந்துகொண்டே இதையும் பார்ப்பவர்கள் பலர்.

மூன்றாவது, பகுதி நேர அறிவிப்பாளர், செய்தி வாசிப்பாளர், மொழிபெயர்ப்பாளர் பட்டியலில் இடம்பெறுவது. எழுத்துத் தேர்வு, குரல் தேர்வு, அதன்பின் 'வாணி' என்ற சான்றிதழ்ப் பயிற்சி. பட்டியலில் பெயர் வந்தால் மாதத்தில் விரல்விட்டு எண்ணக்கூடிய பணிமுறைகள் கிடைக்கும். அதை மட்டும் நம்பி வீட்டு வாடகை கொடுக்க முடியாது. நிகழ்ச்சி நிர்வாகி, ஒலிபரப்பு நிர்வாகி போன்ற நிரந்தரப் பதவிகளுக்கான அறிவிப்பு அரிது. பணியாளர் தேர்வாணையம் 2013-இல் நடத்திய தேர்வை இன்னமும் நிலையங்களில் பேசிக்கொண்டிருக்கிறார்கள் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

என்ன படித்திருக்க வேண்டும்?

இதழியல் படித்தால் நல்லது. தில்லியிலுள்ள இந்திய மக்கள் தொடர்பியல் நிறுவனம் வானொலி, தொலைக்காட்சி இதழியலைத் தனியாகக் கற்பிக்கிறது. தமிழ்நாட்டிலும் பல பல்கலைக்கழகங்களில் துறை இருக்கிறது. ஆனால் வேறொன்றை ஆழமாகப் படித்துவிட்டு வானொலிக்கு வருபவரையே நான் முதலில் தேர்ந்தெடுப்பேன். தென்கச்சி கோ. சுவாமிநாதன் வேளாண்மை படித்தவர். பண்ணை நிகழ்ச்சிக்காகத்தான் திருநெல்வேலி வானொலிக்கு வந்தார். 'இன்று ஒரு தகவல்' மூலம் தமிழ்நாடு முழுக்க அறிந்த குரலானது பிறகு. 1960-களில் தஞ்சைப் பகுதியில் ஆடுதுறை 27 நெல் பரவியபோது விவசாயிகள் அதை 'ரேடியோ நெல்' என்றே அழைத்தார்கள். அந்தப் பெயரை வாங்கிக் கொடுத்தவர்கள் பயிரைப் பற்றித் தெரிந்தவர்கள். மீன்வளம், சட்டம், மருத்துவம், நீரியல் என்று எது தெரிந்தாலும் வானொலியில் அதற்கு வேலை உண்டு.

பத்திரிகைக்கு எழுதுவதும் வானொலிக்கு எழுதுவதும் வேறா?

முற்றிலும் வேறு. பத்திரிகையிலிருந்து வருபவர்கள் தடுமாறும் முதல் இடமே இதுதான். ஒரு மாதிரி வாக்கியம்:

"கடைமடைப் பகுதிகளுக்குத் தண்ணீர் வந்து சேராததால் நடவு செய்யப்பட்ட பயிர்கள் கருகி வருவதாகக் கூறியும், பாசன வாய்க்கால்களை உடனடியாகத் தூர்வார வலியுறுத்தியும், பொதுப்பணித்துறை அலுவலகம் முன்பு நூற்றுக்கும் மேற்பட்ட விவசாயிகள் திங்கள்கிழமை ஆர்ப்பாட்டத்தில் ஈடுபட்டனர்."

அச்சில் பார்க்க இதில் குறையில்லை. கண் பின்னால் போய்த் திரும்ப வரும். காதுக்கு அந்த வசதி கிடையாது. யார், என்ன செய்தார்கள் என்பது தெரியக் கடைசிச் சொல் வரை காத்திருக்க வேண்டியிருக்கிறது. அதற்குள் குக்கர் விசில் அடித்துவிட்டால் போயிற்று. வானொலிக்கு இப்படி:

"பொதுப்பணித்துறை அலுவலகம் முன்பு விவசாயிகள் இன்று ஆர்ப்பாட்டம் செய்தார்கள். கடைமடைக்குத் தண்ணீர் வரவில்லை, நட்ட பயிர் கருகுகிறது என்கிறார்கள். வாய்க்கால்களைத் தூர்வார வேண்டும் என்பது அவர்கள் கோரிக்கை."

எச்சங்களை அடுக்காதீர்கள். வினைமுற்றுக்குச் சீக்கிரம் வந்துவிடுங்கள். எதிர்மறை நம் மொழியில் வாக்கியத்தின் வாலில் உட்கார்ந்திருக்கிறது. 'அமைச்சர் பதவி விலகப் போவதில்லை' என்பதில் கடைசிச் சொல் அலையில் கரைந்தால் அமைச்சர் பதவி விலகிவிடுவார். 'பதவி விலக அமைச்சர் மறுத்துவிட்டார்' என்றால் அந்த ஆபத்து குறைவு. 'கரை', 'கறை' போல் கேட்கையில் ஒன்றாக ஒலிப்பவற்றைத் தவிர்த்து வேறு சொல் தேடுங்கள். எண்களை உருட்டிச் சொல்லுங்கள். '37,425 கோடி' காதில் நிற்காது, 'முப்பத்தேழாயிரம் கோடிக்கு மேல்' நிற்கும். எழுதியதைச் சத்தமாகப் படிக்காமல் அனுப்புபவர் இந்தத் தொழிலுக்கு வந்த வழியே திரும்பிப் போகலாம்.

பேட்டி எடுக்கப் போகும்போது எதையெல்லாம் கவனிக்க வேண்டும்?

முதலில் அறையைக் கேளுங்கள். மின்விசிறி, குளிர்பதனப் பெட்டி, சுவர்க்கடிகாரம், பக்கத்து வீட்டுத் தொலைக்காட்சி எல்லாம் காதுக்குப் பழகிப்போனவை, மைக்குக்குப் பழகாதவை. நிறுத்தச் சொல்லிக் கேட்க வெட்கப்படாதீர்கள். விசிறியை நிறுத்தினால் வியர்க்கும்; வியர்க்கட்டும். திரைச்சீலையும் மெத்தையும் உள்ள படுக்கையறை, வெறுஞ்சுவர்க் கூடத்தைவிட நல்ல ஒலிப்பதிவு அறை.

மைக்கைப் பேசுபவரின் வாயிலிருந்து ஒரு சாண் தூரத்தில், சற்றே பக்கவாட்டில் பிடியுங்கள். நேர் எதிரே பிடித்தால் பகரம் வெடிக்கும். மைக்கை அவர் கையில் கொடுக்கவே கொடுக்காதீர்கள், மேடைப் பேச்சு தொடங்கிவிடும். ஒலியளவு பார்க்க 'ஹலோ ஹலோ' வேண்டாம், காலையில் என்ன சாப்பிட்டீர்கள் என்று கேளுங்கள். இயல்பான குரல் வரும், பதற்றமும் இறங்கும்.

அடுத்தது 'ம்'. நம் ஊரில் ஒருவர் பேசினால் எதிரில் இருப்பவர் 'ம்' கொட்டியாக வேண்டும். கொட்டாவிட்டால் கேட்கவில்லை என்று பொருள். பாட்டி கதையிலிருந்து வந்த பழக்கம். பேட்டியில் இது வினை. பேசுபவரின் மிக நல்ல வாக்கியத்தின் நட்டநடுவில் உங்கள் 'ம்' ஒட்டிக்கொண்டிருக்கும், பிரித்தெடுக்க முடியாது. தலையை மட்டும் ஆட்டுங்கள், கண்ணைப் பார்த்துக்கொண்டே இருங்கள். தொடங்கும் முன்பே "நான் 'ம்' போட மாட்டேன், தப்பாக நினைக்க வேண்டாம்" என்று சொல்லிவிடுவது நல்லது, குறிப்பாக வயதானவர்களிடம்.

'ஆமாம்', 'இல்லை' என்று முடியும் கேள்விகளை விடுங்கள். "அன்று கரைக்கு வந்ததும் முதலில் என்ன பார்த்தீர்கள்?" என்று கேட்டால் ஆள் கரையில் போய் நிற்பார். பதில் முடிந்த பின் இரண்டு மூன்று நொடி பேசாமல் இருங்கள். சொல்ல வேண்டுமென்று நினைத்ததைப் பலர் அந்த இடைவெளியில்தான் சொல்கிறார்கள்.

கிளம்பும் முன் யாரும் பேசாமல் ஒரு நிமிடம் அந்த அறையின் வெறும் ஒலியைப் பதிந்துகொள்ளுங்கள். வெட்டி ஒட்டும்போது இடைவெளிகளை நிரப்ப அதுதான் உதவும். வெளியே என்றால் விசைப்படகு, தறி, ஆலை, சந்தை என்று இடத்தின் ஒலியையும் தனியாக எடுத்து வாருங்கள். விவரிப்பும் குரல்களும் ஒலிகளும் கலந்த உரைச்சித்திரம் செய்யும்போது பத்து வரி வர்ணனையை அந்த ஒலி மிச்சப்படுத்தும்.

வெட்டுவது, ஒட்டுவது எப்படிக் கற்பது?

காந்த நாடா இருந்த காலத்தில் இது கத்தி வேலை. கால் அங்குல நாடா நொடிக்கு ஏழரை அங்குலம், அதாவது ஏறத்தாழ 19 சென்டிமீட்டர் ஓடும். அரை நொடி இருமல் என்றால் ஒன்பதரை சென்டிமீட்டர் நாடா. சுருள்களைக் கையால் முன்னும் பின்னும் உருட்டி, இருமல் தொடங்கும் இடத்தில் பென்சிலால் கோடு போட்டு, நாடா வெட்டும் கட்டையின் பள்ளத்தில் வைத்துச் சவர பிளேடால் 45 பாகை சாய்வாக அறுத்து, முதுகுப் பக்கம் ஒட்டு நாடா ஒட்ட வேண்டும். நேராக அறுத்தால் 'டக்' என்று கேட்கும். அறுத்த துண்டைத் தரையில் போடாமல் மேசை விளிம்பில் ஒட்டி வைத்துக்கொள்வார்கள், தப்பாக அறுத்திருந்தால் திரும்ப வேண்டுமே.

இன்று கணினித் திரையில் அலைக்கோடு தெரிகிறது, இலவச மென்பொருள்கள் இருக்கின்றன, தவறினால் ஒரு விசையில் மீட்டுவிடலாம். அந்தச் சவுகரியமே கெடுக்கிறது என்பது என் எண்ணம். கண்ணால் வெட்டுகிறார்கள். திரையைப் பார்க்காமல் கண்ணை மூடிக் கேட்டுவிட்டு, பிறகு வெட்டுங்கள். மூச்சையெல்லாம் எடுத்துவிடாதீர்கள், மூச்சு விடாமல் பேசுபவரைக் கேட்டால் நேயருக்கு மூச்சு முட்டும்.

திக்கலை எடுக்கலாம், திரும்பச் சொன்னதை எடுக்கலாம். ஒரு கேள்விக்குச் சொன்ன பதிலை இன்னொரு கேள்விக்குப் பின்னால் ஒட்டக் கூடாது. 'ஆனால்' என்று தொடங்கும் பாதியை விட்டுவிட்டு முன்பாதியை மட்டும் வைக்கக் கூடாது. பேசியவர் தன் வீட்டில் உட்கார்ந்து அந்த நிகழ்ச்சியைக் கேட்டால் 'நான் சொன்னது இதுதான்' என்று ஒப்புக்கொள்ள வேண்டும். நான் வைத்திருக்கும் அளவுகோல் இது ஒன்றே.

ஆகாசவாணியில் அரசாங்கத்தை விமர்சிக்க முடியுமா?

ஓரளவு. ஆகாசவாணிக்கென்று ஒலிபரப்பு நெறிகள் உண்டு. நட்பு நாடுகளை விமர்சிப்பது, மதங்களையும் சமூகங்களையும் தாக்குவது, ஆபாசம், அவதூறு, வன்முறைத் தூண்டல், நீதிமன்ற அவமதிப்பு எல்லாம் கூடாது. இவற்றில் பெரும்பாலானவற்றை யாரும் ஒப்புக்கொள்வார்கள். அரசியல் கட்சியைப் பெயர் சொல்லித் தாக்கக் கூடாது, மத்திய மாநில அரசுகள் மீது பகைமையோடு கூடிய விமர்சனம் கூடாது என்பதும் பட்டியலில் உண்டு. தயாரிப்பாளருக்குத் தலைவலி இங்கேதான், ஏனென்றால் எது விமர்சனம், எது பகைமை என்று அளக்கத் தராசு கிடையாது.

நெருக்கடி நிலைக் காலத்தில் வானொலி அரசின் ஊதுகுழலாக இருந்தது. அதன்பின் பி.ஜி. வர்கீஸ் தலைமையில் அமைந்த குழு 1978-இல் தன்னாட்சி அமைப்பைப் பரிந்துரைத்தது. சட்டம் 1990-இல் வந்தது, அதன்படி ஆகாசவாணியை நடத்தும் பிரசார் பாரதி செயல்படத் தொடங்கியது 1997-இல். இத்தனைக்குப் பிறகும் பணம் பெரும்பாலும் அரசிடமிருந்துதான் வருகிறது. விமர்சனத்தைப் பாதிக்கப்பட்டவரின் வாயால் சொல்ல வைப்பது, அதிகாரியின் பதிலையும் சேர்ப்பது, தேதியும் அளவும் துல்லியமாக வைப்பது என்று வேலை தெரிந்தவர்கள் வழி கண்டுபிடித்துக்கொண்டுதான் இருக்கிறார்கள்.

வானொலிச் செய்தியாளருக்கு ஆபத்து உண்டா?

உண்டு. மயில்வாகனம் நிமலராஜனின் பெயரைத் தமிழில் வானொலிச் செய்திக்கு வரும் ஒவ்வொருவரும் அறிந்திருக்க வேண்டும். யாழ்ப்பாணத்திலிருந்து பிபிசி தமிழோசைக்குச் செய்தி தந்தவர். சிங்கள சேவைக்கும் தந்தார், வீரகேசரிக்கும் எழுதினார். போர்க்காலத்தில் வெளிச் செய்தியாளர்கள் எளிதில் போக முடியாத குடாநாட்டிலிருந்து வந்த நம்பகமான குரல்களில் ஒன்று அவருடையது. 2000 அக்டோபரில் நடந்த நாடாளுமன்றத் தேர்தலின் முறைகேடுகளைப் பற்றி அவர் செய்தி தந்தார். அக்டோபர் 19 இரவு, ஊரடங்கு நேரத்தில், பாதுகாப்பு மிகுந்த பகுதியில் இருந்த அவர் வீட்டுக்கு வந்தவர்கள் ஜன்னல் வழியாக அவரைச் சுட்டுக் கொன்றார்கள். கைக்குண்டும் வீசினார்கள், குடும்பத்தினரும் காயமடைந்தார்கள். சுடப்பட்டபோது அவர் எழுதிக்கொண்டிருந்தார்.

தமிழோசை 1941 மே மாதம் தொடங்கி 2017 ஏப்ரல் வரை ஒலித்தது. வல்வெட்டித்துறையிலும் மட்டக்களப்பிலும் இரவு சிற்றலையைத் திருகி அதைக் கேட்டவர்கள் லண்டன் குரலை நம்பினார்கள் என்றால், அந்தக் குரலுக்குப் பின்னால் ஊரில் இருந்து தொலைபேசியில் பேசியவர்களை நம்பினார்கள் என்று பொருள். அலுவலகம் லண்டனில் இருக்கும், செய்தியாளர் வீடு இருக்கும் தெருவுக்கோ பாதுகாப்பு கிடையாது. மாவட்டச் செய்தியாளர்களின் நிலை இன்றும் எங்கும் இதுவே. மணல், தேர்தல், சாதி பற்றிச் செய்தி எடுக்கப் போகும்போது எங்கே போகிறீர்கள், எப்போது திரும்புவீர்கள் என்பதை அலுவலகத்தில் ஒருவருக்காவது சொல்லிவிட்டுப் போங்கள். ஒலிப்பதிவின் படியை அன்றே வேறிடத்துக்கு அனுப்பிவிடுங்கள்.

சமுதாய வானொலியில் சேர்ந்தால் பயன் உண்டா?

கற்றுக்கொள்ள அதைவிட நல்ல இடம் இல்லை. அண்ணா பல்கலைக்கழகத்தின் அண்ணா எஃப்.எம். 2004 பிப்ரவரியில் தொடங்கியது. அப்போது கல்வி நிறுவனங்களுக்கு மட்டுமே அனுமதி இருந்தது, 2006-இல் தொண்டு நிறுவனங்களுக்கும் திறந்துவிட்டார்கள். பாம்பனில் மீனவர்களுக்காகக் கடல் ஓசை 2016 முதல் ஒலிக்கிறது. சிறிய ஒலிபரப்பிதான். பத்துப் பதினைந்து கிலோமீட்டர் தாண்டாது. இங்கேயும் சொந்தச் செய்தி கூடாது. ஆனால் காற்றின் வேகம், மீன் விலை, வலை உதவித்திட்டம் என்று அன்றாடம் தேவைப்படுவதை ஒரே ஆள் கேட்டு, பதிந்து, வெட்டி, ஒலிபரப்பிவிட்டுத் தெருவில் இறங்கினால், எதிரே வருபவர் நேற்று சொன்னது தப்பு என்பார். பெரிய நிலையங்களில் இந்தத் திருத்தம் கிடைக்காது.

பாட்காஸ்ட் வந்துவிட்டதே, வானொலிக்கு எதிர்காலம் இருக்கிறதா?

பாட்காஸ்ட் செய்பவருக்குச் செய்தித் தடை இல்லை, நேரக் கட்டுப்பாடும் இல்லை. முதலாவது வரம். இரண்டாவது சாபம், இரண்டு மணி நேர அரட்டையைக் கேட்டு முடித்தவர் எத்தனை பேர் என்று நீங்களே யோசியுங்கள். பதினான்கரை நிமிடத்துக்குள் அடக்கப் பழகிய தயாரிப்பாளருக்கு அங்கே மதிப்பு இருக்கிறது. வானொலியைப் பொறுத்தவரை, 2015 டிசம்பர் வெள்ளத்தில் சென்னையில் மின்சாரமும் பல செல்பேசிக் கோபுரங்களும் படுத்தபோது பேட்டரி ரேடியோதான் பேசியது. புயல் இன்னும் வரத்தான் போகிறது.

வருமானம் எப்படி?

நிரந்தரப் பதவி கிடைத்தால் அரசு ஊதியம், கவலையில்லை. மற்றபடி பணிமுறைக்கு இவ்வளவு, நிகழ்ச்சிக்கு இவ்வளவு என்றுதான். தொடக்கத்தில் மொழிபெயர்ப்பு, விளம்பரக் குரல், ஒலிப்புத்தகம், கல்லூரி வகுப்பு என்று ஏதாவது ஒன்றை உடன் வைத்துக்கொள்பவர்களே தாக்குப்பிடிக்கிறார்கள். திருமணப் பேச்சில் 'மாப்பிள்ளை ரேடியோவில் இருக்கிறார்' என்றால் இப்போதும் ஒரு மரியாதை உண்டு, அடுத்த கேள்வி வரும் வரை.

வேலை கேட்டு அனுப்பும் மாதிரி ஒலிப்பதிவு எப்படி இருக்க வேண்டும்?

மூன்று நிமிடம் போதும். பாட்டு, பின்னணி இசை, எதிரொலி வேண்டாம். முதல் அரை நிமிடம் நீங்களே எழுதிய செய்தியை வாசியுங்கள். அடுத்த இரண்டு நிமிடம் உங்கள் தெருவில் உள்ள யாராவது ஒருவரின் பேட்டியை வெட்டி ஒட்டித் தாருங்கள். தையல்காரர், தபால்காரர், பால்காரர் யாராக இருந்தாலும் சரி, தெரிந்த பிரமுகர் வேண்டாம். மீதியில் அந்த இடத்தின் ஒலி. கோப்பின் பெயரில் உங்கள் பெயர் இருக்கட்டும். 'குரல் மாதிரி புதியது இறுதி 2' என்ற பெயரில் வரும் கோப்புகளைத் திறக்க எந்தத் தயாரிப்பாளருக்கும் மனம் வராது. வெட்டாத முழுப் பேட்டியையும் பத்திரமாக வைத்திருங்கள், நேர்முகத்தில் நான் முதலில் கேட்பது அதைத்தான்.